முட்டி போடுவதாக வேண்டிக்கொண்டவர்

என் வலது முழங்கால் சரியாக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தன் இரண்டு முழங்கால்களையும் பெருமாளுக்கு நேர்ந்துவிட்டிருந்தார். அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து போகும் வழியில், கடைசிக்குச் சற்று முன்னால், செங்குத்தாக ஒரு படிவரிசை வரும். தெலுங்கில் மோக்காள்ள மெட்டு. நாங்கள் முழங்கால் முறிச்சான் என்போம். பிள்ளை பாஸாக வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும், வயிற்றுக் கட்டி கரைய வேண்டும், எதுவானாலும் எங்கள் ஊரான நகரியில் அந்தப் படிகளை முட்டி போட்டு ஏறுவதாக வேண்டிக்கொள்வது வழக்கம். முழங்கால் வலி போகவும் அதையே வேண்டிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"ஏங்க, முட்டி வலிக்கு முட்டி போடறேன்னு யாராவது வேண்டிக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"வலி உனுக்குத்தானே. என் முட்டிக்கு இன்னா கேடு? நீ ஆபரேஷன் பண்ணிக்கினு நட. நான் முட்டி போட்டுக்கினு பக்கத்துலயே வரேன்" என்றார்.

அவர் வீட்டில் நான்கு விசைத்தறி ஓட்டினார். நான் அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். முப்பத்தொரு வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். உட்கார்ந்து நடத்தினால் பின்வரிசை தூங்கிவிடும் என்பது என் கொள்கை. வீட்டுப்பாடம் எழுதாதவனை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைப்பதும் என் கொள்கைதான். அதைச் சொல்லிச் சொல்லி அவர் என்னைக் கிண்டல் செய்வார். "ஊர்ப் புள்ளைங்க பாவம் சும்மா வுடுமா டீச்சரம்மா? அதான் எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்தன் முட்டி போட்டுடறேன்."

வலி எனக்கு ஐம்பத்தைந்தில் ஆரம்பித்தது. முதலில் படி இறங்கும்போது மட்டும். பிறகு படுக்கையிலிருந்து எழுந்ததும் முதல் பத்து அடி. பிறகு எந்த அடி என்று சொல்ல முடியாமல் எல்லா அடியும். திருப்பதியில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் அவர் என்னை அழைத்துப் போனார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மேல் எலும்பும் கீழ் எலும்பும் உரசுகிறது, இடையில் இருக்கவேண்டிய மெத்தை தேய்ந்து போய்விட்டது, மாத்திரையும் ஊசியும் கொஞ்ச நாள் தள்ளிப்போட உதவும், தேய்ந்தது திரும்ப வளராது என்றார். மாற்று அறுவை செய்துகொள்ளலாம், அவசரமில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்.

அவசரமில்லை என்ற வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ரிட்டயர் ஆகட்டும் என்றேன். பிறகு மகன் கல்யாணம் முடியட்டும் என்றேன். மழை முடியட்டும், வெயில் குறையட்டும் என்றேன். உண்மைக் காரணம் பயம். முட்டியையே வெட்டி எடுத்து வீசிவிட்டு இரும்பில் ஒன்றை வைத்துத் தைப்பார்கள் என்று எங்கள் தெருவே நம்பியது. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நானும் அதையேதான் நம்பினேன். டாக்டரிடம் வாய் திறந்து கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெளிந்திருக்கும். டீச்சருக்குச் சந்தேகம் கேட்க வெட்கம்.

இப்படியே ஆறு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பதிக்குப் பஸ்ஸில் போவோம். புத்தூர் தாண்டி மலை கண்ணில் பட்டதும் ஜன்னல் பக்கம் குனிந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார். "ஞாபகம் இருக்குது சாமி. இவ ஒத்துக்கினா நான் ரெடி" என்பார், பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கும்படி. எனக்கு எரிச்சலாக வரும். எழுந்து வேறு சீட்டுக்குப் போகலாம் என்றால் முட்டி விடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தறியைப் போடப் போனவர், தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். ஆட்டோவில் தூக்கி வைத்தபோதே உயிர் இல்லை. என்னால் ஓடிப்போய் ஆட்டோவில் ஏற முடியவில்லை. வாசல் படி இரண்டும் இறங்குவதற்குள் ஆட்டோ தெருமுனை திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்தான் உடன் போனாள்.

அதற்குப் பிறகு நான் தனி. மகன் அயர்லாந்தில். காரியத்துக்கு வந்து பதினேழு நாள் இருந்துவிட்டுப் போனான். தறிகளை விற்றாயிற்று. தறிச் சத்தம் நின்ற வீட்டில் முதல் மாதம் எனக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை பழகவே இல்லை. தினம் மிஞ்சும். அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்னை ஆறு வருடம் பஸ்ஸில் தொந்தரவு செய்த மனிதர் இன்னும் ஒரு வருடம் பொறுத்திருக்கக் கூடாதா? அந்தக் கோபம் ஓய்ந்ததும் அடியிலிருந்து இன்னொன்று வந்தது. அவரைக் காக்க வைத்தவள் நான்தான்.

வருஷாப்தி முடிந்த மறுவாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்தாள். "யக்கா, மாமா முட்டி போடறேன்னு வேண்டிக்கினு இருந்தாரே, அது அப்பிடியே நிக்குதே. செத்தவங்க வேண்டுதல வூட்ல இருக்கறவங்கதான் தீக்கணும். இல்லன்னா அவுருக்கு அங்க தாழ்வு" என்றாள். நான் சிரித்து அனுப்பிவிட்டேன். எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைதான். ஆனால் பாதி நம்பிக்கை பொல்லாதது, முழு நம்பிக்கையைவிட அதிகம் குடையும். அவருக்கு அங்கே தாழ்வு என்ற சொல் அடுப்படிவரை என் பின்னாலேயே வந்தது. வேண்டுதலைத் தீர்க்க வேண்டுமென்றால் முதலில் எனக்கு முட்டி சரியாக வேண்டும். நான் அந்த வாரமே திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

இந்தத் தடவை டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்டேன். அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முழங்காலை எடுத்துக் காட்டினார். முட்டியை யாரும் வெட்டி வீசுவதில்லை. தொடை எலும்பின் கீழ் நுனியில் தேய்ந்த மேற்பரப்பைச் சீவி எடுத்துவிட்டு, அதன்மேல் உலோகத்தில் ஒரு தொப்பி போடுகிறார்கள். கீழே கணுக்கால் வரை போகிற எலும்பின் தலையில் ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே வழவழவென்று ஒரு பிளாஸ்டிக். "பல்லுக்கு கேப் போட்டுக்கறதில்லையா, அதேதான்" என்றார். இடது காலையும் சேர்த்துச் செய்துவிடுங்கள் என்று கேட்டேன். அதற்கு இன்னும் வயசு இருக்கிறது, தொடைச் சதையைப் பலப்படுத்தினால் போதும் என்று மறுத்துவிட்டார். இதற்காகவா ஆறு வருடம் பயந்தோம் என்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அட்மிஷன் அன்று கவுன்ட்டரில் "மீதோ எவரு வச்சாரம்மா?" என்றார்கள். உங்களோடு யார் வந்திருக்கிறார்கள் என்ற சாதாரணக் கேள்வி. ஆஸ்பத்திரியில் உடன் ஓர் ஆள் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தேன். படிவத்தில் என்ன உறவு என்று கேட்ட இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். "இன்னா போடறது யக்கா?"

"தங்கச்சின்னு போடேன்" என்றேன்.

அவள் யோசித்துவிட்டு, பெருமாள் ஊரில் பொய் எழுதக் கூடாது என்று பக்கத்து வீடு என்றே எழுதினாள். ஆபரேஷன் முடியும்வரை இருந்தாள். மறுநாள் மத்தியானம் பஸ் ஏறிவிட்டாள். அவள் வீட்டிலும் ஆறு தறி ஓடுகிறது, குறை சொல்ல முடியாது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். எனக்கு நினைவு இருந்தது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறை மாதிரி அறுக்கிற சத்தமும் தட்டுகிற சத்தமும் கேட்டது. வலி துளியும் இல்லை. டாக்டர் வேறு யாருடனோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே படுத்தபடி நான் சாமியை நினைக்கவில்லை. பஸ் ஜன்னலில் குனிந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஒரு மனிதரை நினைத்தேன்.

வார்டில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். வலது பக்கம் புத்தலப்பட்டுப் பக்கத்துக் கிழவி. மாட்டுத் தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. இடுப்புக் கிண்ணத்தில் உட்காருகிற தொடை எலும்பின் பந்து, அந்த எலும்பின் கழுத்தோடு ஒடிந்துவிட்டது. அந்த வயதில் அது ஒட்டாது, அதனால் பந்தை மட்டும் எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். கிண்ணம் பழையதே. அதற்குப் பாதி மாற்று என்று பெயர். கிண்ணமும் கெட்டிருந்தால் முழு மாற்று. இடது பக்கம் சத்தியவேட்டிலிருந்து ஒரு பெண், ஃபாக்டரி வேலைக்கு ஸ்கூட்டியில் போகும்போது விழுந்தவள். முட்டிக்குள் இருக்கிற ஜவ்வு அறுந்துவிட்டது. அவளுக்கு எதையும் மாற்றவில்லை. இரண்டு சிறு துளை போட்டு, ஒன்றில் கேமரா, ஒன்றில் கருவி விட்டு, அவள் தொடையிலிருந்தே ஒரு நரம்பை எடுத்து உள்ளே கட்டினார்கள். நரம்பு என்பது என் வார்த்தை. தசைநார் என்று டாக்டர் திருத்தினார். நானும் பிள்ளைகளை அப்படித் திருத்தியவள்தான், வாயை மூடிக்கொண்டேன்.

கிழவியைச் சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பேர். மகன்கள், மருமகள்கள், பேரன்கள். ஒருத்தி தலை வாருவாள், ஒருத்தி கஞ்சி ஊட்டுவாள். கிழவி எல்லோரையும் ஓயாமல் தெலுங்கில் திட்டிக்கொண்டிருப்பாள். அவள் திட்டுவதைக் கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது. திட்டுவதற்குக் கூட ஆள் வேண்டுமே. எனக்கு மகன் வீடியோவில் வந்தான். "எப்படிம்மா இருக்கு?" என்றான். நல்லா இருக்கு என்றேன்.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். பிசியோதெரபிப் பெண் கறாரானவள். முட்டியை மடக்கு, இன்னும் மடக்கு, வலிக்குதா, வலிக்கட்டும் என்பாள். வீட்டில் யாராவது குதிகாலைப் பிடித்து மெல்லத் தள்ளிவிடச் சொல்லுங்கள் என்றாள். வீட்டில் யாரும் இல்லை என்றேன். அப்படியானால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி நீங்களே இழுங்கள் என்று செய்து காட்டினாள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வைத்தியம் ஆன கால் முதலில் என்றும் சொல்லிக்கொடுத்தாள். நகரியில் அவருடைய துண்டுதான் கொடியில் இருந்தது. காலையும் சாயங்காலமும் அதை மாட்டி இழுத்தேன். முதல் மாதம் அழுகை வரும். வீட்டில் யாரும் இல்லாததால் சத்தமாகவே அழ முடிந்தது.

ஆறு மாதத்தில் கடைக்குத் தனியாக நடந்தேன். செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழங்கால் முறிச்சானை முட்டி போட்டு ஏற வேண்டும். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்காக வேண்டிக்கிட்டீங்க?"

"முட்டி சரியாவறதுக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். நடக்கலாம், நிதானமாகப் படியும் ஏறலாம், கல்லில் அத்தனை படி முட்டி போட மட்டும் கூடாது என்றார். தெய்வக் குத்தம் என்றால் என்மேல் போடுங்கள் என்றும் சொன்னார். நல்ல மனிதர்.

மகனிடம் கேட்டேன். ஊருக்கு வரும்போது அவன் ஏறலாமே என்றேன். "பாக்கலாம்மா, அப்புறம்" என்றான். அந்த அப்புறத்தை நான் ஆறு வருடம் சொன்னவள், அவனை என்ன சொல்வது? பக்கத்து வீட்டுப் பெண் தன் தம்பியை ஏறச் சொல்வதாகச் சொன்னாள். யாரோ ஒருவர் முட்டி தேய்ந்து என் வீட்டுக்காரர் சொல் நிறைவேறுவதா? எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் கட்டில் மெத்தையில் ரகசியமாக முட்டி போட்டுப் பார்த்தேன். தழும்புக்கு வெளிப்பக்கம் உணர்ச்சியே இல்லை. அந்த இடம் பலருக்கும் அப்படி மரத்துப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெத்தை தொடுவதுகூடத் தெரியவில்லை. வலி தெரியாத முட்டியைக் கொண்டுபோய்ப் படியில் வைத்தால் அது என்ன வேண்டுதல்? ஏமாற்று வேலை. மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர் சொன்னதை வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தேன். முட்டி போடுவது அவர் பங்கு. நடப்பது என் பங்கு. என் பங்கை நான் இன்னும் செய்யவில்லை.

ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் கழித்து, மார்கழிக் குளிரில், விடிந்த பிறகு அலிபிரியில் நின்றேன். சிறுத்தை நடமாட்டம் என்று தனியாக யாரையும் விடவில்லை. காவலுக்கு நின்றவர் "கும்பலா போங்கம்மா, உங்க ஆளுங்க எங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு வேலூர்க் குடும்பத்தோடு என்னைச் சேர்த்துவிட்டார். ஐந்நூறு படி வரைக்கும் அவர்கள் எனக்காக நின்று நின்று போனார்கள். அதற்கப்புறம் நானே போகச் சொல்லிவிட்டேன். நல்ல கால், பிறகு புதுக் கால். உட்கார்ந்து, எழுந்து, எலுமிச்சைத் தண்ணீர் குடித்து, பின்னால் வருகிற கும்பல்களோடு ஒட்டிக்கொண்டு, மத்தியானம் மூன்று மணிக்கு முழங்கால் முறிச்சானுக்கு வந்து சேர்ந்தேன்.

படியெல்லாம் மஞ்சளும் குங்குமமும். ஏழெட்டுப் பேர் முட்டி போட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் நின்று, கையைப் பிடித்தோ பையைச் சுமந்தோ கூடவே ஏறினார். நான் இடது ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் வலது பக்கம் ஓர் ஆள் வரும் அளவுக்கு இடம் விட்டேன்.

ஒரு படி ஏறினேன். நின்றேன். முட்டி போட்டு வருகிறவருக்கு ஒரு படிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மற்றவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு முட்டி, இன்னொரு முட்டி, கையை ஊன்றி ஒரு மூச்சு. அந்த மூச்சு முடிந்த பிறகு அடுத்த படி. என் வலி போய்விட்டது, வேகமாகவே ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அவருக்கு அறுபத்தாறு வயது, இளைக்கும். பின்னால் வந்த ஒரு பையன் அந்த வெற்றிடத்தில் நுழையப் பார்த்தான். கையை நீட்டித் தடுத்தேன். டீச்சர் கை, அவன் மறுபேச்சில்லாமல் சுற்றிக்கொண்டு போனான்.

பாதிக்கு மேல் வந்திருப்பேன். மேலேயிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர், பேச்சில் திருத்தணிப் பக்கம், என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னாம்மா, படிக்குப் படி நின்னுக்கினு கீறீங்க? மூச்சு வாங்குதா? கை குடுக்கட்டா?"

"இல்லைங்க. எங்க வூட்டுக்காரரு முட்டி போட்டுக்கினு வராரு. அவருக்காவ நிக்கிறேன்."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, எனக்குப் பின்னால் கீழே பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.